அத்துமீறியது யார்? நெவாடா பாலைவனத்தில் ஒரு அனுமதிச் சீட்டு

(அணு ஆயுதச் சோதனைகளுக்கு எதிரான பன்னாட்டு நாளான ஆகஸ்ட் 29 அன்று, நமது தகவல் தொழில்நுட்ப அணி நடத்திய இணையவழிக் கூட்டத்தில் அணியின் தன்னார்வலர் ஒருவர் பேசிய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் அப்படியே பதிவிடுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவுதான். கடைசி வரை படியுங்கள் தோழர்களே.)



வேலை முடிஞ்சு, பஸ்ஸில் வந்துகொண்டே ஹெட்போன் மாட்டிக் கேட்கிற தோழர்கள், நைட் ஷிஃப்ட்டுக்கு நடுவில் லைனில் வந்திருக்கிற தோழர்கள், எல்லாருக்கும் நன்றி. அரை மணி நேரம்தான் எடுத்துக்கொள்வேன்.

முதலில் என் தப்பை ஒத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். போன வருஷம் இதே ஆகஸ்ட் 29-க்கு எங்க மாவட்டப் பக்கத்துக்கு போஸ்டர் டிசைன் பண்ணது நான்தான். பெரிய காளான் மேகம். மேலே "அணுகுண்டு வேண்டாம்"னு சிவப்பு எழுத்து. கீழே சின்னதா "நெவாடா, அமெரிக்கா". லைக்ஸ் நல்லா வந்தது. ஆனா கமெண்ட்டில் ஒரு அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "தம்பி, அந்த நிலம் யாரோடது?"

"அரசாங்க நிலம் அண்ணா, பாலைவனம்தானே"ன்னு பதில் போட்டேன். போட்டுட்டு தூங்கிட்டேன். மறுநாள் தேடிப் பார்த்தப்போதான் நான் சொன்னது எவ்வளவு பெரிய தப்புன்னு புரிஞ்சுது. இன்னைக்கு நான் பேசப்போறது அந்த அண்ணனுக்குச் சொல்லவேண்டிய பதில்தான்.

நான் சிவில் இன்ஜினியரிங் படிச்சவன். காலேஜில் சர்வே கேம்ப் போனப்போ எங்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கிச்சு. வரைபடத்தில் வீடு இல்லை, வயல் இல்லைன்னா அது காலி இடம். நம்ம ஊர் பாஷையில் புறம்போக்கு. ஆனா அந்தப் புறம்போக்கில்தான் ஆடு மேய்க்கிறவங்க இருப்பாங்க. சுள்ளி பொறுக்குறவங்க இருப்பாங்க. குலசாமி இருக்கும். சுடுகாடு இருக்கும். தாள்ல காலி, தரையில் காலி கிடையாது. நெவாடாவில் நடந்ததும் இதேதான்.

▪️ 1863: ஒரு ஒப்பந்தம்

அந்த நிலம் மேற்கு ஷோஷோனி மக்களுடையது. அவங்க தங்களை நெவே என்று சொல்வார்கள். மக்கள் என்று பொருள். தங்கள் நிலத்துக்கு அவங்க வைத்த பெயர் நெவே சோகோபியா. இன்றைய நெவாடா மாநிலத்தின் பெரும்பகுதி அதில் அடங்கும். பைன் கொட்டை சேகரித்து, முயலும் மானும் வேட்டையாடி, ஊற்றுத் தண்ணீரை நம்பி வாழ்ந்த மக்கள்.

1863 அக்டோபர் 1 அன்று அமெரிக்க அரசு அவர்களோடு ரூபி பள்ளத்தாக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். கலிபோர்னியாவுக்குப் போகும் பாதை பத்திரமாக இருக்கவேண்டும் என்பது அரசின் தேவை. வெள்ளையர்கள் அந்த வழியாகப் போகலாம், தந்திக் கம்பி போடலாம், ரயில் பாதை போடலாம், சுரங்கம் தோண்டலாம் என்று ஷோஷோனிகள் ஒத்துக்கொண்டார்கள். வேட்டை விலங்குகள் விரட்டப்பட்டதற்கு ஈடாக ஆண்டுக்கு 5,000 டாலர் வீதம் 20 ஆண்டுகளுக்குத் தருவதாக அரசு சொன்னது.

ஒன்றைக் கவனியுங்கள். நிலத்தை எழுதிக்கொடுத்ததாக அந்த ஒப்பந்தத்தில் எங்கேயும் இல்லை. அதன் பெயரே சமாதான, நட்புறவு ஒப்பந்தம். வழி விட்டார்கள். வீட்டை எழுதித் தரவில்லை.

▪️ 1951: முதல் குண்டு

அடுத்த நூறு வருஷக் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குடியேறிகள் வந்தார்கள், பண்ணை வந்தது, சுரங்கம் வந்தது, ராணுவம் வந்தது. 1950 டிசம்பரில் அதிபர் ட்ரூமன், லாஸ் வேகஸ் நகரிலிருந்து சுமார் 105 கிலோமீட்டர் தொலைவில் அணுகுண்டு சோதனைத் தளம் அமைக்க ஒப்புதல் கொடுத்தார். தளத்தின் பரப்பு சுமார் 3,500 சதுர கிலோமீட்டர். நம்ம கோவா மாநிலத்தைவிடக் கொஞ்சம்தான் சின்னது. ஷோஷோனிகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

1951 ஜனவரி 27. விமானத்திலிருந்து முதல் குண்டு போடப்பட்டது. அதிலிருந்து 1992 செப்டம்பர் 23 வரை அங்கே நடந்த சோதனைகள் 928. அதில் 100 திறந்தவெளியில், 828 நிலத்துக்கு அடியில். உலகத்திலேயே அதிகமாகக் குண்டு போடப்பட்ட தேசம் எங்கள் தேசம்தான் என்று மேற்கு ஷோஷோனிகள் சொல்வது இதை வைத்துத்தான். எதிரி நாடு போட்ட குண்டு ஒன்றுகூட இல்லை.

1962-ல் செடான் என்று ஒரு சோதனை. 104 கிலோடன். அதன் நோக்கம் என்ன தெரியுமா? அணுகுண்டை வைத்துக் கால்வாயும் துறைமுகமும் வெட்ட முடியுமா என்று பார்ப்பது! ஒரு சிவில் இன்ஜினியரா இதைப் படிக்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. விழுந்த பள்ளத்தின் விட்டம் சுமார் 390 மீட்டர், ஆழம் சுமார் 100 மீட்டர். முப்பது மாடிக் கட்டடத்தை உள்ளே இறக்கிவிடலாம். பள்ளம் இன்றைக்கும் இருக்கிறது. கால்வாயும் வரவில்லை, துறைமுகமும் வரவில்லை.

காற்று விஷயம் இன்னும் கொடுமை. காற்று லாஸ் வேகஸ் பக்கமோ லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கமோ அடிக்காத நாளாகப் பார்த்துத்தான் குண்டு வெடித்தார்கள். அப்போ காற்று எந்தப் பக்கம் போகும்? கிழக்கும் வடகிழக்கும். அங்கே இருந்தது பழங்குடி மக்களும், சின்னச் சின்னக் கிராமங்களும், ஆட்டு மந்தைகளும். 1953 மே 19-ல் ஹாரி என்ற சோதனை. அதன் கதிரியக்கத் தூசு யூட்டா மாநிலத்தின் செயின்ட் ஜார்ஜ் ஊர் மேல் இறங்கியது. வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று மக்களிடம் சொன்னார்கள். அவ்வளவுதான்.

கதிரியக்க அயோடின் தைராய்டு சுரப்பியில் போய்ச் சேரும். பசு மேய்ந்த புல்லிலிருந்து பாலுக்கு, பாலிலிருந்து குழந்தைக்கு என்று விஞ்ஞானிகள் பின்னாளில் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு பண்ணைவீட்டு வாழ்க்கையை வைத்துப் போட்டது. ஷோஷோனிகள் சாப்பிட்டது காட்டு முயல். அந்தப் பாதிப்பைத் தனியாகக் கணக்கிட வேண்டும் என்று சிலர் பேச ஆரம்பிக்கவே பல வருஷம் ஆனது. நிலக் கணக்கிலும் அவர்கள் இல்லை, நோய்க் கணக்கிலும் இல்லை.

▪️ "பணம் கொடுத்தாச்சு"

இப்போ நில விஷயத்துக்கு வருகிறேன். நம்ம தோழர்களுக்கு இது உடனே புரியும்.

நம்ம ஊரில் திட்டத்துக்கு நிலம் எடுப்பாங்க. விவசாயி பணத்தை வாங்க மாட்டேன் என்பார். என்ன செய்வார்கள்? கோர்ட்டில் டெபாசிட் கட்டிவிடுவார்கள். கட்டியாச்சு, ஆகவே கொடுத்தாச்சு என்பார்கள்.

அமெரிக்காவில் அப்படியே நடந்தது. பழங்குடிகளின் நில வழக்குகளுக்காக அங்கே ஒரு ஆணையம் இருந்தது. அதற்கு நிலத்தைத் திருப்பிக் கொடுக்கும் அதிகாரமே கிடையாது. பணம் மட்டும்தான் தரலாம். வெள்ளையர்கள் படிப்படியாக உள்ளே வந்துவிட்டதால் உங்கள் உரிமை போய்விட்டது என்று அந்த ஆணையம் சொன்னது. எந்தத் தேதியில் போனது? 1872 என்று ஒரு தேதியைக் குறித்து, அந்தக் காலத்து விலையைக் கணக்குப் போட்டு, 1979-ல் 2 கோடியே 60 லட்சம் டாலர் என்று தீர்ப்பு வந்தது. மேற்கு ஷோஷோனிகள் வாங்க மறுத்தார்கள். "நாங்க விக்கலையே, அப்புறம் எதுக்குக் காசு?" என்பதுதான் அவர்கள் நிலைப்பாடு.

மேரி டான், கேரி டான் என்று அக்கா தங்கை இரண்டு பேர். சோதனைத் தளத்துக்கு வெகு தூரம் வடக்கே, கிரசன்ட் பள்ளத்தாக்கில் மாடும் குதிரையும் வளர்த்தவர்கள். மேய்ச்சல் அனுமதி வாங்காமல் அரசு நிலத்தில் மாடு மேய்த்ததாக 1974-ல் அவர்கள் மேல் அத்துமீறல் வழக்கு. "இது எங்க நிலம். அரசு நிலம் ஆனது எப்போ, எப்படி என்று காட்டுங்க" என்பது அவர்கள் வாதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1985-ல் தீர்ப்பு. அரசாங்கம் தன் கஜானாவிலேயே ஷோஷோனிகள் பெயரில் ஒரு கணக்கில் பணத்தை வைத்துவிட்டதால், பணம் கொடுக்கப்பட்டதாகவே அர்த்தம் என்றது நீதிமன்றம்.

வலது பாக்கெட்டிலிருந்து எடுத்து இடது பாக்கெட்டில் வைத்தாலும் கொடுத்த மாதிரிதானாம்!

டான் சகோதரிகள் அதற்குப் பிறகும் கட்டணம் கட்டவில்லை. 1993-ல் ஸ்வீடனின் ரைட் லைவ்லிஹூட் விருது அவர்களுக்குக் கிடைத்தது. 2002, 2003-ல் அரசு ஆட்கள் வந்து நூற்றுக்கணக்கான மாடுகளையும் குதிரைகளையும் ஓட்டிக்கொண்டு போனார்கள். அப்போது அந்தச் சகோதரிகள் வயதான பாட்டிகள். மேரி டான் 2005-லும் கேரி டான் 2021-லும் காலமானார்கள். கடைசி வரை கை நீட்டிப் பணம் வாங்கவில்லை.

இதில் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். ஷோஷோனிகள் எல்லாருமே ஒரே கருத்தில் இல்லை. வறுமை இருந்தது. நிலம் எப்படியும் திரும்பி வராது, பணத்தையாவது வாங்குவோம் என்று சொன்னவர்களும் நிறையப் பேர் இருந்தார்கள். 2004-ல் பணத்தைப் பிரித்துக்கொடுக்கச் சட்டமும் வந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கோ உங்களுக்கோ உரிமை இல்லை. ஒரு மக்களை வறுமையில் தள்ளிவிட்டுப் பிறகு காசைக் காட்டினால் அதைச் சம்மதம் என்று சொல்ல முடியுமா? கேள்வி அவ்வளவுதான்.

▪️ வாசலில் வந்து நின்றவர்கள்

சரி, போராட்டத்துக்கு வருவோம்.

1957 ஆகஸ்ட் 6, ஹிரோஷிமா நினைவு நாள். சோதனைத் தளத்தின் மெர்க்குரி வாசலில் ஒரு சின்னக் குழு வந்து நின்றது. காந்தி வழியில் நம்பிக்கை வைத்த அமெரிக்கர்கள். அதில் 11 பேர் வாசலைத் தாண்டிக் கைதானார்கள். ஒருவர் ஆல்பர்ட் பிகலோ, இரண்டாம் உலகப் போரில் கடற்படை அதிகாரியாக இருந்தவர். மறுநாளே அங்கே அடுத்த குண்டு வெடித்தது. பதினோரு பேர் கைதானதால் என்ன ஆனது என்று யாராவது அன்றைக்குக் கேட்டிருந்தால் பதில் இல்லை.

1982-ல் கிறிஸ்தவர்களின் தவக்காலத்தில் பிரான்சிஸ்கன் துறவிகளும் அருட்சகோதரிகளும் அதே வாசலில் ஜெபத்தோடு வந்து நின்றார்கள். அது வருஷா வருஷம் தொடர்ந்தது. 1987 பிப்ரவரியில் கிட்டத்தட்ட 2,000 பேர் வந்தார்கள், 400-க்கும் மேற்பட்டோர் கைது. விண்வெளி பற்றிய தொலைக்காட்சித் தொடரால் உலகம் அறிந்த விஞ்ஞானி கார்ல் சேகன் அதில் ஒருவர். 1988 மார்ச்சில் பத்து நாள் போராட்டம், 8,000-க்கும் மேற்பட்டோர். ஒரே நாளில் 1,200 பேருக்கு மேல் கைது.

அரசாங்கக் கணக்கையே சொல்கிறேன். 1986 முதல் 1994 வரை அந்த ஒரு வாசலில் 536 போராட்டங்கள். கலந்துகொண்டவர்கள் 37,488 பேர். கைதுகள் 15,740.

கைது எப்படி நடக்கும்? மாடு தாண்டாமல் இருக்க சாலையில் இரும்புக் கம்பிகள் பதித்திருப்பார்கள். அதுதான் எல்லை. கையில் ஆயுதம் இல்லை, கல் இல்லை, வாயில் கெட்ட வார்த்தை இல்லை. பாடிக்கொண்டே தாண்டுவார்கள். போலீஸ் பிடித்து, திறந்தவெளியில் வேலி போட்டு வைத்திருக்கும் பட்டியில் அடைக்கும். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. பாலைவன வெயில். பிறகு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் விடுவார்கள். அடுத்த முறை திரும்ப வருவார்கள்.

இப்போதுதான் என்னை உலுக்கிய விஷயம் வருகிறது.

கைதாகிறவர்கள் மேல் போடப்பட்ட குற்றச்சாட்டு என்ன? அத்துமீறி நுழைந்தது. டான் சகோதரிகள் மேல் போட்ட அதே வார்த்தை. அப்போ மேற்கு ஷோஷோனி தேசியப் பேரவை ஒரு காரியம் செய்தது. போராட வருகிறவர்களுக்குத் தன் பெயரில் அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்தது. இந்த நிலத்தின் சொந்தக்காரர்கள் நாங்கள், இவர் எங்கள் அனுமதியோடுதான் உள்ளே வருகிறார் என்பது அந்தச் சீட்டின் பொருள்.

ஒரு துண்டுத் தாள் தோழர்களே. போலீஸ் அதைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறக்கவில்லை. கைது செய்யத்தான் செய்தது. ஆனால் அந்தத் தாள் கையில் இருக்கும்போது, யார் மேல் அத்துமீறல் வழக்குப் போடவேண்டும் என்ற கேள்வி திரும்பிவிட்டது. 1863-ல் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை மீறி, கேட்காமல் உள்ளே வந்து, 900 குண்டுக்கு மேல் வெடித்தவர் யாரோ அவர்தானே அத்துமீறியவர்?

அதுவரை அங்கே வந்த பலருக்கு அது "அமெரிக்க அரசின் சோதனைத் தளம்". சீட்டை வாங்கிய பிறகுதான், தாங்களும் இன்னொருவர் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் என்று புரிந்தது. காளான் மேகத்தை மட்டும் போஸ்டரில் போட்ட எனக்கும் அப்படித்தான் புரிந்தது.

நம்ம தாத்தா பாட்டிகளுக்கு இது புதுசு இல்லை. 1930-ல் வேதாரண்யம் கடற்கரையில் உப்பு அள்ளியவர்களிடமும் வெள்ளைக்காரன் கேட்டது இதேதான்: யாரைக் கேட்டு எடுத்தாய்? எங்க கடல், எங்க உப்பு, உன்னை எதுக்குக் கேட்கணும் என்பதுதான் பதில். அந்த வழியைப் படித்துத்தான் 1957-ல் அந்தப் பதினோரு பேர் நெவாடா வாசலுக்கு வந்தார்கள்.

▪️ கார்பின் ஹார்னி

அந்த வாசலில் விடியற்காலையில் சின்ன மேளத்தை வைத்துக்கொண்டு சூரிய உதயத்துக்கு முன்னால் பிரார்த்தனை நடத்தியவர் கார்பின் ஹார்னி. 1920-ல் பிறந்தவர். மேற்கு ஷோஷோனிகளின் ஆன்மிகப் பெரியவர். வைத்தியர். அவர் அதிகம் பேசியது குண்டைப் பற்றி இல்லை, தண்ணீரைப் பற்றி. நிலத்தடிச் சோதனைகளில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நிலத்தடி நீர்மட்டத்துக்கு அருகிலோ அதற்குக் கீழேயோ நடந்தவை. பாலைவனத்தில் ஊற்றை நம்பி வாழ்கிற மனிதனுக்கு இதைவிடப் பெரிய கவலை என்ன இருக்க முடியும்?

அவர் கடல் தாண்டி கஜகஸ்தானுக்கும் போனார். ஏன் கஜகஸ்தான்? சோவியத் யூனியன் தன் குண்டுகளை வெடித்தது அங்கே, செமிபலாட்டின்ஸ்க் என்ற புல்வெளியில். 456 சோதனைகள். அதுவும் காலி இடம் என்று சொல்லி எடுத்த இடம்தான். கசாக் மேய்ப்பர்களின் நிலம்.

1989 பிப்ரவரியில் அங்கே சோதனையிலிருந்து கதிரியக்க வாயு கசிந்தது. ஒல்ஜாஸ் சுலைமெனோவ் என்ற கவிஞர் தொலைக்காட்சியில் கவிதை வாசிக்க வந்தார். கவிதையை வைத்துவிட்டு, சோதனையை நிறுத்து என்று அறிக்கை வாசித்தார். மக்கள் திரண்டார்கள். அந்த இயக்கத்துக்கு அவர்கள் வைத்த பெயர் நெவாடா-செமிபலாட்டின்ஸ்க். பனிப்போரில் எதிர் எதிர் முகாம் இரண்டின் பாதிக்கப்பட்ட இடங்களையும் ஒரே பெயரில் சேர்த்தார்கள். ஒரு கசாக் நாடோடியும் ஒரு அமெரிக்கப் பழங்குடிப் பெரியவரும் சேர்ந்து சமாதானக் குழாய் புகைப்பது போன்ற படம்தான் அதன் சின்னம்.

1989 அக்டோபருக்குப் பிறகு அங்கே குண்டு வெடிக்கவில்லை. 1991 ஆகஸ்ட் 29-ல் அந்தத் தளம் மூடப்பட்டது. அந்தத் தேதியைத்தான் 2009-ல் ஐக்கிய நாடுகள் சபை அணு ஆயுதச் சோதனைகளுக்கு எதிரான நாளாக அறிவித்தது. நாம் இன்றைக்குக் கூடியிருப்பதற்குக் காரணம் அதுதான்.

▪️ ஜெயித்தார்களா?

நேர்மையாகப் பேசுவோம். நெவாடாவில் சோதனை நின்றதற்குப் போராட்டம் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது மிகைப்படுத்தல். பனிப்போர் முடிந்தது, சோவியத் யூனியன் உடைந்தது, 1992-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சோதனைகளுக்குத் தற்காலிகத் தடை போட்டது. ஆனால் முப்பது வருஷத்துக்கு மேலாக வாசலில் ஆள் நிற்காமல் இருந்திருந்தால் அந்தத் தடைக்கு ஓட்டுப் போடும் தைரியம் எத்தனை பேருக்கு வந்திருக்கும்?

2006-ல் அதே தளத்தில் 700 டன் வெடிபொருளை வெடிக்க ஒரு திட்டம் வந்தது. அணுகுண்டு இல்லை. ஆனால் பழைய கதிரியக்கத் தூசு மறுபடி கிளம்பும் என்று ஷோஷோனிகளும், காற்று வீசும் பக்கம் வாழ்ந்தவர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள், கோர்ட்டுக்கும் போனார்கள். 2007 பிப்ரவரியில் திட்டம் கைவிடப்பட்டது. அதே வருஷம் ஜூலையில் கார்பின் ஹார்னி காலமானார்.

கிடைக்காததையும் சொல்கிறேன். நிலம் திரும்பி வரவில்லை. தளம் இன்றும் பெயர் மாற்றி இயங்குகிறது. முழு வெடிப்பு இல்லாத சோதனைகள் நிலத்துக்கு அடியில் நடக்கின்றன. 1996-ன் முழுமையான சோதனைத் தடை ஒப்பந்தத்தில் அமெரிக்கா கையெழுத்துப் போட்டது, செனட் 1999-ல் அதை நிராகரித்தது. 2025 அக்டோபரில் அதிபர் டிரம்ப் மறுபடியும் அணு ஆயுதச் சோதனை தொடங்கச் சொல்லியிருப்பதாக அறிவித்தார். அப்படி ஒரு நாள் வந்தால், குண்டு இறங்கப்போவது மறுபடியும் யாருடைய நிலத்தில் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

▪️ நமக்கு என்ன?

ஐ.டி. அணியில் இருக்கிற நமக்கு மூன்று விஷயம்.

ஒன்று: "காலி இடம்", "தரிசு", "புறம்போக்கு" என்று எந்தச் செய்தியிலாவது வந்தால், அந்த அண்ணன் என்னைக் கேட்ட கேள்வியைக் கேளுங்கள். அந்த நிலம் யாரோடது? அங்கே இப்போ யார் இருக்காங்க? பதில் தெரியாமல் போஸ்டர் போடாதீங்க.

இரண்டு: அந்த வாசலில் 15,740 கைது நடந்தது. அத்தனை பேரும் கெட்ட வார்த்தை பேசி, கல் எறிந்திருந்தால் அரசுக்கு எவ்வளவு வசதியாகப் போயிருக்கும்? நாம் கமெண்ட்டில் ஒருத்தரை அசிங்கமாகத் திட்டும்போது அந்த வசதியைத்தான் எதிர்த் தரப்புக்குச் செய்துகொடுக்கிறோம். கோபம் இருக்கட்டும். வார்த்தை சுத்தமாக இருக்கட்டும்.

மூன்று: பாதிக்கப்பட்டவர்களுக்காகப் போராடப் போகிறோம் என்றால் முதலில் அவர்களிடம் அனுமதி வாங்கிக்கொண்டு போவோம். மைக்கை அவர்கள் கையில் கொடுப்போம். நெவாடாவில் சீட்டு எழுதிக் கொடுத்தது ஷோஷோனிகள், வாங்கிக்கொண்டது மற்றவர்கள். அந்த வரிசை மாறக்கூடாது.

இந்த வருஷப் போஸ்டரையும் நான்தான் பண்ணியிருக்கேன். இந்தத் தடவை காளான் மேகம் இல்லை. ஒரு இரும்புக் கேட், அதற்கு முன்னால் விடியல் வெளிச்சத்தில் மேளத்தோடு ஒரு பெரியவர். கீழே ஒரே வரி: "இது நெவே சோகோபியா. மேற்கு ஷோஷோனி மக்களின் நிலம்."

கேள்வி கேட்ட அந்த அண்ணன் இப்போ லைனில் இருக்காரான்னு தெரியல. இருந்தால், ஒரு வருஷம் லேட்டா பதில் சொல்றதுக்கு மன்னிச்சுக்கோங்க அண்ணா.



(படித்த தோழர்கள் உங்கள் கருத்தைப் பதிவிடுங்கள். மற்ற தோழர்களுக்கும் பகிருங்கள்.)

#அணுஆயுதச்சோதனைவேண்டாம் #ஆகஸ்ட்29 #நிலம்யாருடையது